பக்கவாதத்துக்குப் பின் கைப் பயிற்சி: மணிக்கட்டு உணரிகள் நமக்கு எதைச் சொல்கின்றன?

கரிசல்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்குச் சென்ற ஆண்டு மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வந்தது. வலக் கையும் வலக் காலும் பாதிக்கப்பட்டன. நடை பெருமளவு திரும்பிவிட்டது. கையைப் பற்றித்தான் எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. சிகிச்சை மையத்தில் அவர் மரக்கட்டையை எடுத்து அலமாரித் தட்டில் வைக்கிறார், ஒரு தம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், 57 மதிப்பெண்ணுக்கு நடத்தப்படும் ஏ.ஆர்.ஏ.டி. என்னும் கைச் செயல் தேர்வில் முன்பைவிடக் கூடுதலாக மதிப்பெண் பெறுகிறார். வீட்டுக்கு வந்ததும் அதே கை மடியில் கிடக்கிறது. கதவைத் திறப்பதும், கைப்பேசியை எடுப்பதும், சட்டைப் பொத்தானைப் போடுவதும் இடக் கைதான்.

மையத்தில் இரு மணிக்கட்டுகளிலும் அணியும் உணரிகளை வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். நாள் முழுவதும் எந்தக் கை எவ்வளவு வேலை செய்தது என்பதை அவை பதிவு செய்யுமாம். என் தம்பியோ, சந்தையில் கிடைக்கும் ஸ்மார்ட் வாட்ச் ஒன்றே போதும் என்கிறான். இந்தக் கருவிகள் உண்மையில் எதை அளக்கின்றன, அந்த எண்களை வைத்துச் சிகிச்சையில் என்ன மாற்ற முடியும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

ஐயா, நான் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர். உங்கள் தந்தையிடம் நீங்கள் கவனித்திருப்பது இத்துறையின் மையமான சிக்கல்களில் ஒன்று. ஒரு கையால் என்ன செய்ய முடியும் என்பதும், அந்தக் கை நாள்தோறும் என்ன செய்கிறது என்பதும் இருவேறு செய்திகள். தேர்வறையில், ஒருவர் எதிரே அமர்ந்து ஊக்கப்படுத்தும்போது நாம் அளப்பது முதலாவதை. குடும்பத்தினர் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றி. முதலாவது உயர்ந்தால் இரண்டாவதும் தானாக உயர்ந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் எங்கள் துறையில் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த எண்ணம் சரியில்லை என்று காட்டியதே மணிக்கட்டு உணரிதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் லாங் தலைமையிலான குழு, பக்கவாதம் வந்து ஆறு மாதங்களுக்கு மேல் கடந்த 78 பேருக்கு எட்டு வாரங்கள் தீவிரக் கைப் பயிற்சி அளித்து, அதன் முடிவுகளை 2017இல் வெளியிட்டது. ஏ.ஆர்.ஏ.டி. மதிப்பெண்கள் உயர்ந்தன. ஆனால் அதே நோயாளிகள் வீட்டிலும் வெளியிலும் மணிக்கட்டில் அணிந்திருந்த முடுக்கமானிகளின் (அசைவை அளக்கும் உணரிகளின்) பதிவில், அன்றாடக் கைப் பயன்பாடு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. மதிப்பெண் தாளை மட்டும் பார்த்திருந்தால் அந்தச் சிகிச்சை முழு வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

ஏன் இப்படி நிகழ்கிறது என்பதற்கு எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. பாதிப்பு வந்த தொடக்க வாரங்களில் அந்தக் கையால் எதைச் செய்ய முயன்றாலும் தோல்வி, பொருள் நழுவுகிறது, நேரம் விரயமாகிறது. நல்ல கையால் செய்தால் வேலை உடனே முடிகிறது. இந்தப் பாடத்தை மூளை அழுத்தமாகக் கற்றுக்கொள்கிறது. பிறகு நரம்புகள் ஓரளவு மீண்டு, கை ஏதோ செய்யக்கூடிய நிலைக்கு வந்த பிறகும் பழக்கம் மாறுவதில்லை. இதை அவர் ‘கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை’ என்றார். நல்ல கையைக் கையுறையால் கட்டுப்படுத்தி, பாதிக்கப்பட்ட கையையே பயன்படுத்த வைக்கும் சிகிச்சை முறை இந்தக் கருத்திலிருந்து வந்தது. 222 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2006இல் வெளியான எக்சைட் ஆய்வு, இரண்டு வாரங்கள் விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடு அந்தக் கையுறையை அணிய வேண்டும் என்பதை இலக்காக வைத்தது.

ஆகவே, உணரி உங்கள் வீட்டில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி தெளிவாக இருக்கிறது: சிகிச்சை மையத்தில் தெரியும் முன்னேற்றம் வீட்டு வாழ்க்கைக்குள் வந்ததா, வரவில்லையா? இந்தக் கேள்விக்கு ஒற்றை ஸ்மார்ட் வாட்சால் பதில் சொல்ல முடியாது. இரு கைகளையும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டால்தான் பொருள் கிடைக்கும். ஒரு கையின் பதிவு மட்டும் இருந்தால், அன்று அவர் சுறுசுறுப்பாக இருந்தாரா, படுத்திருந்தாரா என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

அலைமுகடு எழுதியது:

நான் உயிர்மருத்துவப் பொறியாளன். மருத்துவர் சொன்னதற்குத் துணையாகக் கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எழுதுகிறேன். எண்ணை நம்புவதற்கு முன் அது எப்படி உருவாகிறது என்பது தெரிந்திருப்பது நல்லது.

மணிக்கட்டில் கட்டப்படும் பட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் மூன்று அச்சு முடுக்கமானி. சிலவற்றில் சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப்பும் சேர்ந்திருக்கும். முடுக்கமானி நொடிக்கு 30 முதல் 100 முறை வரை அளவெடுக்கிறது. அதில் புவியீர்ப்பின் பங்கும் இருக்கும், கையின் அசைவால் வரும் பங்கும் இருக்கும். இவற்றைப் பிரித்து, ஒவ்வொரு சிறு கால இடைவெளிக்கும் அசைவின் அளவை ஒரு கூட்டுத்தொகையாகச் சுருக்குகிறார்கள். அந்தத் தொகை ஒரு வரம்பைக் கடந்தால் அந்த நொடியில் கை ‘பயன்பட்டது’ என்று கணக்கில் சேர்கிறது. நாள் முடிவில் பாதிக்கப்பட்ட கையின் மணி நேரங்களை மற்றக் கையின் மணி நேரங்களால் வகுத்தால் கிடைப்பதே பயன்பாட்டு விகிதம். நலமான பெரியவர்களிடம் இது ஏறக்குறைய 0.95 என்று மேற்சொன்ன செயின்ட் லூயிஸ் ஆய்வுக்கூடமே 2013இல் வெளியிட்டது. அதாவது, வலக்கைப் பழக்கமுள்ளவர்கள்கூட நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இடக் கையை ஏறத்தாழ அதே அளவு நேரம் இயக்குகிறார்கள். பாட்டிலைப் பிடிக்க ஒரு கை, மூடியைத் திறக்க ஒரு கை என்று பெரும்பாலான வேலைகள் இரு கைகளும் சேர்ந்து செய்பவையே.

இங்கே மூன்று குறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவதும் பெரியதுமானது நடை. நடக்கும்போது கை தானாக வீசுகிறது, உணரி அதையும் பயன்பாடாக எண்ணிக்கொள்கிறது. உங்கள் தந்தையின் நடை மீண்டிருப்பதால், அவர் மாலையில் நீண்ட நேரம் உலாவினால் வலக் கையின் எண் உயரும், ஆனால் அந்தக் கை ஒரு பொருளையும் தொட்டிருக்காது. இரண்டாவது, பிறரால் வரும் அசைவு. பேருந்திலோ ஆட்டோவிலோ செல்லும்போது வண்டியின் அதிர்வும், இடக் கையால் வலக் கையைத் தூக்கி வைப்பதும், நீங்கள் சட்டை போட்டுவிடும்போது கையை அசைப்பதும் பதிவாகும். தசை விறைப்பால் கை துடிக்கும் நோயாளிகளிடம் அந்தத் துடிப்பும் சேர்ந்துவிடும். மூன்றாவது இதற்கு நேர்மாறானது. பையை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதும், சப்பாத்தி மாவைத் தேய்க்கும்போது பலகையை அழுத்திப் பிடிப்பதும் உண்மையான பயன்பாடுகள்தாம், என்றாலும் மணிக்கட்டு அசையாததால் அவை கணக்கில் வருவதில்லை.

இந்தக் குறைகளைத் தீர்க்கும் முயற்சிகளில் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் பங்கு உண்டு. அங்குள்ள உயிர்ப்பொறியியல் துறையினர் மணிக்கட்டு உணரித் தரவிலிருந்து கைப் பயன்பாட்டைக் கண்டறியும் பல்வேறு கணக்கீட்டு முறைகளை ஒப்பிட்டு 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அசைவின் தொகையை மட்டும் பார்க்கும் முறை உண்மையான பயன்பாட்டைத் தவறவிடுவது குறைவு, ஆனால் வெற்றசைவையும் சேர்த்துக்கொள்கிறது. முன்கை எந்தச் சாய்வில் இருக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கும் முறை வெற்றசைவை நன்றாக விலக்குகிறது, ஆனால் உண்மையான பயன்பாட்டில் ஒரு பகுதியையும் விட்டுவிடுகிறது. இரண்டையும் சேர்த்த கலப்பு முறை சமநிலையில் நிற்கிறது. எனவே வாடகைக்கு எடுக்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, அவர்களது மென்பொருள் எந்த முறையில் கணக்கிடுகிறது, நடை நேரத்தைப் பிரித்துக் காட்டுகிறதா என்பதாகும். அதற்குப் பதில் சொல்ல முடியாத மையத்திடமிருந்து அறிக்கை வாங்கிப் பயனில்லை.

நெய்தல்துறை எழுதியது:

நான் பக்கவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவள். அணிந்தவளின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கு இதுவரை பேசப்பட்டது அளப்பவர்களின் பக்கம்.

பாதிக்கப்பட்ட கை மாலையில் வீங்கும். காலையில் சரியாக இருந்த பட்டை மாலையில் இறுக்கும். அந்தக் கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் இறுக்குவது தெரியாது. எனக்குச் சிலிக்கான் பட்டையின் அடியில் வியர்வை தேங்கித் தோல் சிவந்து புண்ணாகும் நிலைக்குப் போனதை என் மகள்தான் கவனித்தாள். துணிப்பட்டைக்கு மாறிய பிறகு சரியானது. உங்கள் தந்தைக்கு அணிவித்தால் நாளுக்கு இருமுறையாவது பட்டையைத் தளர்த்தித் தோலைப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் இது சிறு விஷயமாகத் தோன்றலாம், புண் வந்துவிட்டால் கைப் பயிற்சியே நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணை முதலில் என் குடும்பத்தாரிடம் காட்டி, “பாருங்கள், அம்மா கையைப் பயன்படுத்துவதே இல்லை” என்று ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட அன்று முதல் அந்தப் பட்டை என்னைக் கண்காணிக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. பின்னர் வேறொரு சிகிச்சையாளர், அதே எண்ணை என்னோடு அமர்ந்து, எந்த மணியில் கை அசைந்திருக்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். காலை நேரத்தில் மட்டும் கோடு உயர்ந்திருந்தது. அது பூக்கட்டும் நேரம். நார் பிடிக்க அந்தக் கையை நான் அறியாமலே பயன்படுத்தியிருக்கிறேன். தரவு எனக்கு உதவியது அந்த உரையாடலில்தான்.

அலைமுகடு எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வது மிக முக்கியமானது. இதிலிருந்தே ஒரு கருத்தையும் முன்வைக்கிறேன். நோயாளி தன் எண்ணை உடனுக்குடன் பார்க்க முடிந்தால், கை நெடுநேரம் அசையாதபோது பட்டை மெல்ல அதிர்ந்து நினைவூட்டினால், பழக்கம் மாறும் என்று நான் நம்புகிறேன். இதயத்துடிப்பு மணிக்கட்டில் தெரிவதால் ஓட்டப்பந்தய வீரர்கள் பயிற்சியைத் திருத்திக்கொள்கிறார்கள். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லா இதயத்துடிப்புக் கருவியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இது நடக்கிறது. கைக்கும் அது ஏன் பொருந்தாது?

வைகைக்கரை எழுதியது:

பொருந்தும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தோம். நடைக்கு அது சோதிக்கப்பட்டிருக்கிறது, முடிவை அப்படியே சொல்கிறேன். புரூஸ் டாப்கின் தலைமையில் 11 நாடுகளின் மறுவாழ்வு மையங்களில் நடந்து 2015இல் வெளியான சிராக்ட் ஆய்வில், உள்நோயாளிகளாக இருந்த பக்கவாத நோயாளிகளின் இரு கணுக்கால்களிலும் முடுக்கமானிகள் கட்டப்பட்டன. ஒரு பிரிவினருக்கு நடை வேகம் மட்டும் சொல்லப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு உணரியிலிருந்து கிடைத்த நாள் முழுவதற்குமான நடை விவரமும் சேர்த்துச் சொல்லப்பட்டது. கூடுதல் விவரம் பெற்றவர்கள் கூடுதலாக நடக்கவில்லை. எண்ணைச் சொல்வது மட்டும் போதவில்லை என்பதே அதன் பாடம் என்று நான் கருதுகிறேன்.

ஓட்டப்பந்தய வீரருக்கும் பக்கவாத நோயாளிக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். வீரருக்கு எண்ணைக் கண்டதும் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், செய்யும் ஆற்றலும் உண்டு. நோயாளிக்கு “வலக் கை இன்று குறைவாக அசைந்தது” என்று பட்டை அதிர்ந்து சொல்லும்போது, அந்த நேரத்தில், அந்த நாற்காலியில் அமர்ந்தபடி, எந்தச் செயலை அந்தக் கையால் பாதுகாப்பாகச் செய்யலாம் என்பது தெரிவதில்லை. சூடான காப்பித் தம்ளரையா எடுப்பார்? முன்பு நான் சொன்ன எட்வர்ட் டாப்பின் கையுறைச் சிகிச்சை முறையில் இந்த இடைவெளியை நிரப்ப ஒரு பகுதியே தனியாக உண்டு. எந்த வேலைகளைப் பாதிக்கப்பட்ட கையால் செய்வேன் என்று நோயாளி எழுத்தில் ஒப்புக்கொள்வது, வீட்டு நாட்குறிப்பு எழுதுவது, அடுத்த நாள் சிகிச்சையாளருடன் அமர்ந்து எது தடையாக இருந்தது என்று பேசித் தீர்வு காண்பது ஆகியவை அதில் அடங்கும். இந்தப் பகுதியைச் சேர்த்தபோது அன்றாடப் பயன்பாடு கணிசமாக உயர்ந்ததாகவும், பயிற்சி மட்டும் கொடுத்தபோது உயர்வு சிறிதாகவே இருந்ததாகவும் அவரது குழு 2013இல் வெளியிட்டது.

எனவே என் கருத்து இது. உணரி ஒரு கேள்வியைச் சரியாக எழுப்பித் தரும். விடையை நோயாளியும் சிகிச்சையாளரும் வீட்டாரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த உரையாடலுக்கு நேரம் ஒதுக்காத மையத்தில் உணரிக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அலைமுகடு எழுதியது:

சிராக்ட் ஆய்வு நடையைப் பற்றியது, அதுவும் மருத்துவமனைக்குள் இருப்பவர்களைப் பற்றியது. அங்கே எப்போது நடப்பது என்பதைப் பெரும்பாலும் பணியாளர்களே முடிவு செய்கிறார்கள். வீட்டில் இருப்பவரின் கைக்கு அதை நேரடியாகப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால், அதிர்வு வந்ததும் செய்ய வேண்டிய செயல் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும் என்ற உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். கருவி வடிவமைப்பிலேயே அதற்கு இடம் வைக்க வேண்டும்.

தணிகைமலை எழுதியது:

நான் இதய மறுவாழ்வுப் பிரிவில் செவிலியர். தம்பி வாங்கச் சொல்லும் ஸ்மார்ட் வாட்சைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பக்கவாத நோயாளிகள் பலர் இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள். அந்த மாத்திரை இதயத்துடிப்பு உயர்வதைக் கட்டுப்படுத்தும். 220இலிருந்து வயதைக் கழித்துக் கடிகாரம் போட்டுத் தரும் இலக்குத் துடிப்பை எட்ட வேண்டும் என்று அவர் முயன்றால் அளவுக்கு மீறி உழைத்துவிடுவார். எங்கள் பிரிவில் இப்படிப்பட்டவர்களுக்கு 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலைக் கொண்டு, எவ்வளவு சிரமமாக உணர்கிறார் என்பதைக் கேட்டே பயிற்சியின் கடுமையை முடிவு செய்கிறோம்.

மேலும், கடிகாரம் துடிப்பை அறிவது தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தித் திரும்பி வருவதை அளப்பதன் மூலம். பட்டை தளர்ந்து கை அசையும்போது அந்த ஒளிச் சமிக்ஞை குலைந்துபோகும், கை வீசும் தாளத்தையே கடிகாரம் துடிப்பாக எண்ணிவிடுவதும் உண்டு. இரத்த ஆக்சிஜன் அளவிலும் கவனம் தேவை. கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் விரலில் மாட்டும் கருவி அதைத் தவறவிட்டது வெள்ளையரிடம் நிகழ்ந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஒளியால் அளக்கும் கருவிகள் கருமையான தோலில் எப்படிச் செயல்படுகின்றன என்பது நம் மக்களுக்கும் நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி. நோயாளிக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ தெரிந்தால், கடிகாரம் நல்ல எண்ணைக் காட்டினாலும் பயிற்சியை நிறுத்துங்கள்.

கரிசல்காடு எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியமைக்கு அனைவருக்கும் நன்றி. தந்தை பீட்டா பிளாக்கர் எடுத்துக்கொள்கிறார். இதை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மையத்தில் கேட்டதில், இரு கைகளின் விகிதத்தை வாரம் ஒருமுறை ஒரே எண்ணாகத் தருவோம் என்றார்கள். நடையைப் பிரிப்பது பற்றிப் பொறுப்பாளரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். விகிதம் உயர்ந்தால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வைகைக்கரை எழுதியது:

விகிதத்தை மட்டும் வாங்காதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: ஒரு வாரம் வலக் கை நாளுக்கு 3 மணி நேரமும் இடக் கை 8 மணி நேரமும் இயங்கினால் விகிதம் 0.38 அளவில் இருக்கும். அடுத்த வாரம் காய்ச்சல் வந்து அவர் படுத்திருந்தால், வலக் கை அதே 3 மணி நேரம், இடக் கை 5 மணி நேரம் என்று ஆகலாம். விகிதம் 0.6 ஆகிவிடும். தாளில் பெரிய முன்னேற்றம் தெரியும், உண்மையில் மனிதர் நோயில் கிடந்திருப்பார். இரு கைகளின் மணி நேரங்களையும் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். முடிந்தால் மணிவாரியான வரைபடத்தையும் வாங்குங்கள். மேலே ஓர் அம்மையார் தம் காலை நேரப் பூக்கட்டலைக் கண்டுகொண்டது அந்த வரைபடத்தால்தான்.

பனங்கூடல் எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் தொழில்வழிச் சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். இந்த உரையாடலில் இன்னும் வராத ஒரு விடயம் எங்கள் வாழ்க்கை முறை. 0.95 என்ற எண் அமெரிக்கர்களிடமிருந்து வந்தது. கத்தியும் முள்ளுக்கரண்டியும் கொண்டு இரு கைகளாலும் உண்பவர்களின் ஒரு நாளும், வலக் கையால் மட்டும் சோற்றைப் பிசைந்து உண்பவர்களின் ஒரு நாளும் ஒன்றல்ல. எங்களிடையே கொடுப்பது, வாங்குவது, உண்பது, விபூதி இடுவது ஆகிய யாவும் வலக் கைக்குரியவை. கழிப்பறைச் சுத்தம் இடக் கைக்குரியது. ஆகவே எந்தக் கை பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து ஒருவர் இழப்பது வேறுபடுகிறது. வலக் கை பாதிக்கப்பட்டவர் விருந்துகளுக்குப் போவதையே நிறுத்திவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன். பலர் முன்னிலையில் இடக் கையால் உண்ண அவருக்கு மனம் ஒப்புவதில்லை. இடக் கை பாதிக்கப்பட்டவரின் சங்கடம் யாரிடமும் சொல்ல முடியாததாக இருக்கிறது. இரண்டையும் ஒரே விகிதம் ஒரே மாதிரிக் காட்டும்.

அதனால் நான் உணரியை அணிவிக்கும் முன் நோயாளியோடு அமர்ந்து, அவருடைய ஒரு நாளில் எந்தெந்த வேலைகள் எந்தக் கைக்குரியவை, அவற்றில் எதை அவர் திரும்பப் பெற விரும்புகிறார் என்று எழுதிக்கொள்கிறேன். ஐயா, உங்கள் தந்தைக்குச் சோறு பிசைந்து உண்பதுதான் பெரிய விருப்பமாக இருந்தால், முழு நாள் எண்ணை விட்டுவிட்டு உணவு வேளைகளின் பதிவை மட்டும் தனியே பாருங்கள். தொடக்கத்தில் இட்லி, பிட்டு போன்ற விரலால் எடுக்க இலகுவானவற்றில் முதல் சில வாய் மட்டும் வலக் கையால், மீதி விரும்பியபடி என்று ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். வீட்டாரும் அந்த நேரத்தில் உதவிக்குப் பாயாமல் பொறுத்திருக்க வேண்டும். அவருடைய தட்டு சற்று விளிம்புயர்ந்ததாக, கீழே வழுக்காத விரிப்போடு இருக்கட்டும்.

பயிற்சியின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாங் குழுவினர் 2009இல் வெளியிட்ட அவதானிப்பு ஆய்வில், வழக்கமான ஒரு சிகிச்சை அமர்வில் செயல் சார்ந்த கையசைவுகள் சராசரியாக 32 தடவைகளே செய்யப்பட்டன என்று கண்டார்கள். விலங்குகளில் மூளை மாற்றத்தைக் காட்டிய ஆய்வுகளில் அவை நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டன. ஒரு மணி நேர அமர்வால் மட்டும் அந்த இடைவெளியை நிரப்புவது கடினம். உணவு, குளியல், உடை, பூசை என்று வீட்டில் நாள்தோறும் வரும் சந்தர்ப்பங்கள்தாம் அதை நிரப்ப முடியும்.

மருதம்புலம் எழுதியது:

கை சற்றும் அசையாத நிலையில் உள்ளவர்களுக்கு இந்த மணிக்கட்டு உணரிகள் உதவுமா? என் மாமாவுக்கு விரல்கள் அசைவதே இல்லை. தசையில் ஒட்டும் மின்முனைகளைப் பற்றி ஒரு மருத்துவர் சொன்னார்.

அலைமுகடு எழுதியது:

அசைவே இல்லாத கையில் முடுக்கமானி காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அங்கே ஈ.எம்.ஜி. எனப்படும் தசை மின்பதிவு பொருத்தமானது. மூளை கட்டளை அனுப்பித் தசை சிறிதளவு சுருங்கினாலும், மூட்டு அசையும் அளவுக்கு வலு இல்லாவிட்டாலும், தோலின் மேல் ஒட்டிய மின்முனைகள் அந்தச் சிறு மின்சமிக்ஞையைப் பிடித்துவிடும். அதைத் திரையில் கோடாகவோ ஒலியாகவோ காட்டும்போது, தன் முயற்சி தசையைச் சென்றடைகிறது என்பதை நோயாளி காண்கிறார்.

ஆனால் இதைச் செய்வதில் கவனம் வேண்டும். தசை மின்பதிவுக்கான ஐரோப்பிய செனியம் பரிந்துரையின்படி மின்முனைகளுக்கு இடையே 20 மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. முன்கைத் தசைகள் ஒல்லியாகவும் நெருக்கமாகவும் இருப்பதால், விரலை விரிக்கும் தசையின் மேல் ஒட்டியது பக்கத்துத் தசையின் சமிக்ஞையையும் சேர்த்துப் பிடிக்கும். விரல்களை மடக்கும் விறைப்பையே முன்னேற்றமாகக் காட்டும் ஆபத்து இதில் உண்டு. தோலில் எண்ணெயோ வியர்வையோ இருந்தால் ஒட்டும் இடம் நழுவும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தசைச் சமிக்ஞையின் அலைவரிசைக்குள்ளேயே விழுவதால், அதை வடிகட்டி எடுத்தால் சமிக்ஞையின் ஒரு பகுதியும் சேர்ந்து போய்விடும். தோலைச் சுத்தம் செய்து மின்முனையை நன்றாக ஒட்டுவதே முதல் தீர்வு. இதைப் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் செய்வது நல்லது. மின்முனையை வீட்டில் கண்ணளவில் ஒட்டினால், ஒவ்வொரு நாளும் இடம் மாறி, எண்களை ஒப்பிட முடியாமல் போகும்.

வைகைக்கரை எழுதியது:

மாமா அவர்களுக்கு என் கருத்தையும் சேர்க்கிறேன். தசை மின்பதிவைக் காட்டிப் பயிற்சி அளிக்கும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனாலும் அதன் பயனைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு, ஆதாரம் வலுவாக இல்லை என்றே 2007இல் முடிவுசெய்தது. எனவே வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோள் மூட்டு இறங்காமல் தாங்கி வைப்பதும், விரல்கள் மடங்கி இறுகாமல் பார்த்துக்கொள்வதும் இந்த நிலையில் எந்தக் கருவியையும்விட முன்னுரிமை பெற வேண்டியவை. மையத்துக்குச் செல்ல இயலாதவராக இருந்தால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

நெய்தல்துறை எழுதியது:

உணரி திரட்டும் தரவு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். எப்போது எழுந்தார், எப்போது வெளியே போனார், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பதெல்லாம் அதில் தெரியும். 2023இல் இயற்றப்பட்ட இந்தியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெறுவதை முதன்மையாக வைக்கிறது. கையெழுத்தை உங்கள் தந்தையே, புரிந்துகொண்டு, இடக் கையாலாயினும் இடட்டும். அவருக்காக நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள்.

கரிசல்காடு எழுதியது:

தந்தையிடம் பேசினேன். எதைத் திரும்பப் பெற விரும்புகிறீர்கள் என்று இதுவரை நாங்கள் அவரைக் கேட்டதில்லை. சோறு பிசைவதை அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கையெழுத்துப் போடுவதையும், சைக்கிள் கைப்பிடியைப் பிடிப்பதையும் சொன்னார். முதல் சில நாள் எதையும் மாற்றாமல் அணியச் செய்து, பிறகு சிகிச்சையாளருடன் அமர்ந்து பேசலாம் என்று எண்ணுகிறோம். இது சரியான முறையா? அணியும் நாட்களைத் தேர்ந்தெடுப்பதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பனங்கூடல் எழுதியது:

மிகச் சரியான முறை. சிகிச்சை மையத்துக்குப் போகும் நாளும் போகாத நாளும் இரண்டும் அதில் வரட்டும். அவர் விரும்புகின்ற இரண்டு செயல்களிலும் மணிக்கட்டு அதிகம் அசையாது என்பதை நினைவில் வையுங்கள். பேனாவைப் பிடிப்பதும் கைப்பிடியைப் பற்றுவதும் விரல்களின் வேலை, அவற்றின் முன்னேற்றத்தை இந்த மணிக்கட்டு உணரி குறைத்தே காட்டும். கையெழுத்துக்கு வாரம் ஒரு தாளில் திகதியிட்டுக் கையெழுத்துகளைச் சேர்த்து வையுங்கள். கைப்பிடிக்குச் சிகிச்சையாளரிடம் பிடிவலுவை அளக்கும் கருவி இருக்கும். தடிமனான பிடியுள்ள பேனாவில் தொடங்குங்கள். சைக்கிளை முதலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியபடியே பிடிக்கட்டும்.

அலைமுகடு எழுதியது:

அணிவிக்கும் முன் இரண்டு உணரிகளின் கடிகாரமும் ஒரே கணினியில் ஒரே நேரத்தில் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிட வேறுபாடு இருந்தாலும் இரு கைகளும் சேர்ந்து செய்த வேலைகளைக் கண்டுபிடிக்க முடியாது. வலது, இடது என்று பட்டைகளில் அழியாத மையால் எழுதிவிடுங்கள். குளித்த பிறகு இடம் மாறிக் கட்டிவிட்டால் விகிதம் தலைகீழாகிவிடும். ஒரு சிறு தாளில் கழற்றிய நேரம், நடைக்குச் சென்ற நேரம், வண்டியில் சென்ற நேரம் ஆகியவற்றை மட்டும் குறித்து வைத்தால், மென்பொருள் நடையைப் பிரிக்காவிட்டாலும் அந்த நேரங்களை நாமே கழித்துவிட்டுக் கணக்கிடலாம்.